பிள்ளைகளோடு தீவுக்குப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

வெப்பமண்டலத் தீவுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விடுமுறை போகும் பெற்றோர் கேட்டிருந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். 7 இரவு தங்கப்போகிறோம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று குறித்து வைத்தது இருபதைத் தாண்டிவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

ஒரு நாளுக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி போதும். அதையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 7 இரவு என்றால் கையில் இருப்பது 6 முழு நாட்கள். போய் இறங்கிய மறுநாள் பிள்ளைகளுக்குத் தூக்கமும் பசியும் ஒரு நேரத்துக்கு வராது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளும் காலியாக இருக்கட்டும். மிஞ்சுவது 4 நாள், 4 நிகழ்ச்சி. உங்கள் பட்டியலிலிருந்து மூத்த பிள்ளை ஒன்று, சின்னப் பிள்ளை ஒன்று, நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. தானே தேர்ந்தெடுத்த இடம் என்றால் பிள்ளை வழியில் அவ்வளவாகச் சிணுங்காது.

காலை என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பகுதிகளில் காலை 10 மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், பிற்பகல் 3, 4 மணிவரை இறங்காது. நிலம் சூடாகச் சூடாகக் கடற்காற்று வலுக்கும் என்பதால், காலையில் கண்ணாடி போலக் கிடந்த கடல் மதியத்துக்குப் பிறகு அலை எழும்பி நிற்கும். மழையும் பல தீவுகளில் பிற்பகலில்தான் வருகிறது. 7 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குத் திரும்பிவிடும் குடும்பத்துக்கு இந்த மூன்றும் தொல்லை தராது. மதியம் சாப்பாடு, தூக்கம், அறையில் விளையாட்டு. 4 மணிக்கு மேல் பக்கத்துக் கடற்கரை.

கடல் நிகழ்ச்சியையும் நில நிகழ்ச்சியையும் மாற்றி மாற்றி வையுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய தோலுக்கும் வெயில் பட்ட தோளுக்கும் ஒரு நாள் இடைவெளி தேவை. படகுப் பயணம் எதுவானாலும் விடுமுறையின் முற்பகுதியில் போட்டுவிடுங்கள். காற்றடித்து அன்றைக்குப் படகு விடாவிட்டால், மாற்றிப் போட அடுத்தடுத்த நாட்கள் கையில் இருக்கும். கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் தீவிலேயே கழியுங்கள். காலைப் படகைப் பிடித்து வந்து மதிய விமானம் ஏறுவது என்ற திட்டம், ஒரு படகு ரத்தானாலே குலைந்துவிடும்.

தங்குமிடத்தை வெறும் அறையின் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள். தீவில் காற்று அடிக்கும் பக்கம் அலையும் மழையும் அதிகம், மறைவுப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும். பருவக்காற்று வீசும் பகுதிகளில் ஆண்டுக்கு இருமுறை இந்தப் பக்கங்கள் இடம் மாறும். அதனால் நீங்கள் போகும் மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் கரையிலிருந்து தள்ளி ஒரு வெள்ளை நுரைக்கோடு தெரிந்து, அதற்கும் கரைக்கும் நடுவே வெளிர்நீலத் தண்ணீர் இருந்தால், அலையைப் பவளப்பாறை வெளியிலேயே தடுத்துவிடுகிறது என்று பொருள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் ஏற்ற கடல். சாலைத் தூரத்தையும் குறைவாக எடைபோட வேண்டாம். மலை ஏறி இறங்கி வளைந்து போகும் தீவுச் சாலையில் 30 கிலோமீட்டர் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வளைவுப் பாதையில் பின்சீட்டுப் பிள்ளைக்கு வாந்தியும் வரும்.

கேள்வி: பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீனும் நண்டும் பார்க்கலாம் என்று படித்துவிட்டுப் போனோம். அங்கே குட்டையே இல்லை, வெறும் கடல்தான் இருந்தது. எங்கே தவறு?

இடத்தில் தவறில்லை, நேரம்தான் பொருந்தவில்லை. நீங்கள் போனது கடல் ஏற்றத்தில் இருந்தபோது. தீவில் எந்த இடத்துக்குப் போவது என்பதைவிட எந்த மணிக்குப் போவது என்பதைக் கடல்தான் தீர்மானிக்கிறது. ஏற்ற-வற்ற அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டுதான் நாட்களை நிரப்பவே ஆரம்பிக்க வேண்டும்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். சில இடங்களில் ஒருமுறைதான். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு வற்றிய கடல் நான்கு நாள் கழித்து 11 மணியை ஒட்டி வற்றும். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் உயரம் போட்டிருப்பார்கள். அந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு தூரம் பாறை வெளியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அதற்கு ஓரிரு நாள் பின்னும் கடல் நன்றாக வற்றும். நடுவில் அரை நிலா நாட்களில் வற்றம் அரைகுறையாகத்தான் இருக்கும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. ஒரு குறிப்பிட்ட கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் பெரிய வற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே மணியில்தான் விழும். ஓர் இடத்தில் அது காலை 8 மணியாக இருந்தால் அடுத்த மாதமும் அதை ஒட்டியே இருக்கும். ஆகவே விடுமுறைத் தேதி உங்கள் கையில் இருந்தால் அமாவாசை வாரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பகலில் பாறைக் குட்டைகள் திறந்துகிடக்கும். இரவு நிலா வெளிச்சம் இல்லாததால், கையால் அளைந்தால் தண்ணீர் நீலமாக ஒளிரும் விரிகுடாக்கள் இருக்கும் தீவில் அந்தக் காட்சியும் முழுமையாகக் கிடைக்கும். பௌர்ணமியில் அதைப் பார்க்கக் கூட்டிப்போனால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

எந்த நேரத்துக்கு எது: வற்றத்தில் பாறைக் குட்டை, மணல்திட்டு நடை, சேற்றில் துள்ளும் மீன்களும் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகளும் இருக்கும் அலையாத்திக் காட்டு மரப்பாலம். ஏற்றத்தில் அதே அலையாத்திக் காட்டுக்குள் கயாக் எனும் சிறு துடுப்புப் படகு, லகூனில் (பவளப்பாறைக்கு உள்ளே அடங்கிக் கிடக்கும் கடலில்) நீச்சல், மேடான பாறைக்கு மேல் ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்தபடி மீன் பார்ப்பது). வற்றத்தில் கயாக் எடுத்துப் போனால் வேர்களுக்கு நடுவே சேற்றில் சிக்கி நிற்பீர்கள்.

குட்டைக்கு, அட்டவணையில் உள்ள வற்ற நேரத்துக்கு ஒரு மணி முன்பே போய்விடுங்கள். கடல் கடைசி வரை வற்றியதும் திரும்ப ஆரம்பியுங்கள். தண்ணீர் ஏறும் வேகம் சீராக இருக்காது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, பிறகு 2, 1 என்று ஏறும். 'மெதுவாகத்தானே ஏறுகிறது' என்று இரண்டு மணி நேரம் மணல்திட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாவது மணியில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

குட்டைக்குள் எட்டிப் பார்க்கும்போது நிழல் விழாமல் உட்காரச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் போதும். வெறும் சங்கு என்று நினைத்தது கால் முளைத்து நடக்கும், பாசி என்று நினைத்தது வாய் திறக்கும். கல்லைப் புரட்டினால் அதே பக்கம், அதே இடத்தில் மெல்லத் திருப்பி வையுங்கள், அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் செத்துவிடும். உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்கவே கூடாது, மணலிலும் மொட்டைப் பாறையிலும் மட்டும் நடக்க வேண்டும். ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கூம்பு வடிவத்தில் அழகான கோலம் போட்ட சங்கைப் பிள்ளைகள் எடுக்கக் கூடாது. உள்ளே உயிர் இருந்தால் அது விஷ முள்ளால் குத்தும், சில வகைகளின் விஷம் உயிரையே பறிக்கும். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதிகளில் நீல வளையம் போட்ட சிறிய ஆக்டோபஸும் அப்படித்தான். பார்க்கலாம், தொடக் கூடாது.

கேள்வி: ஸ்நார்க்கலிங்குக்கு எந்த வயது சரி? போன முறை 7 வயது மகன் மாஸ்க்கைப் போட்ட இரண்டாவது நிமிடமே அழுதுவிட்டான்.

பொதுவாக 5, 6 வயதில் தொடங்கலாம். தண்ணீரில் முகம் வைக்கப் பயப்படாமல் இருப்பதுதான் வயதைவிட முக்கியம். உங்கள் மகன் அழுததற்குப் பெரும்பாலும் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததுதான் காரணமாக இருக்கும். வாடகைக்குக் கிடைப்பவை பெரியவர்களின் முகத்துக்குச் செய்தவை. மற்ற எதையும் வாடகைக்கு எடுங்கள், பிள்ளையின் மாஸ்க்கையும் குழாயையும் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள்.

மாஸ்க்கின் ஓரம் மென்மையான சிலிக்கானாக இருக்க வேண்டும். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிக்கொண்டே கையை எடுக்கச் சொல்லுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. எந்த இடத்தில் காற்று புகுகிறதோ அங்கேதான் கடலில் தண்ணீரும் புகும். நெற்றி முடி ஓர் இழை உள்ளே அகப்பட்டாலும் ஒழுகும். ஒழுகுகிறது என்று வாரை இறுக்குவது எல்லாரும் செய்யும் தவறு. இறுக்கினால் சிலிக்கான் மடிந்து இன்னும் ஒழுகும், முகமும் வலிக்கும். வார் காதுக்கு மேலே, பின்தலையின் மேட்டில் நிற்க வேண்டும்.

குழாய் குட்டையாகவும் குறுகலாகவும் இருக்கட்டும். பெரியவர்களுக்கான அகலக் குழாயில் பிள்ளை வெளிவிட்ட காற்று முழுதும் வெளியேறாது, அதையே திரும்ப இழுக்கும், சீக்கிரம் மூச்சு வாங்கும்.

புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். பற்பசையால் தேய்த்துக் கழுவி எடுத்தால் பனி மூடுவது குறையும். கடலில் இறங்குமுன் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டுத் தடவி லேசாக அலசினால் போதும்.

பழக்கும் வரிசை இப்படி. முதல் நாள் கரையிலேயே மாஸ்க் மட்டும் போட்டு, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் விளையாடட்டும். அடுத்தது நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் வைக்கட்டும். பிறகு குழாய். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் 'தூ' என்று பலமாக ஊதித் தள்ளுவதையும், பயந்தால் உடனே தலையைத் தூக்கி எழுந்து நிற்பதையும் விளையாட்டாகப் பத்துமுறை செய்யுங்கள். கடைசியாக லைஃப் ஜாக்கெட்டோடு, பிள்ளைக்கு நெஞ்சளவே ஆழமுள்ள அமைதியான லகூனில் இறங்கலாம். படகிலிருந்து ஆழ்கடலில் குதிப்பதை முதல் அனுபவமாக வைக்காதீர்கள்.

20, 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீர் 28 டிகிரி இருந்தாலும் சின்ன உடம்பு வெகுசீக்கிரம் சூட்டை இழக்கும். உதடு நீலம் பாய்வதற்கு முன்பே, பேச்சு குறைந்து கையை மடக்கிக்கொள்ள ஆரம்பிக்கும்போதே வெளியே கூட்டி வந்துவிடுங்கள். முழுக்கை நீச்சல் சட்டை குளிருக்கும் வெயிலுக்கும் சேர்த்து உதவும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். தானும் முகத்தைத் தண்ணீரில் வைத்து மீன் பார்த்துக்கொண்டிருப்பவர் காவல் இருப்பதாகக் கணக்கில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று பந்தயம் கட்டினால் உடனே நிறுத்துங்கள். அப்படி மூச்சிழுத்தால் மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்கள், சத்தமே கேட்காது.

கேள்வி: முகம் முழுக்க மூடும் மாஸ்க் பிள்ளைகளுக்கு வசதி என்கிறார்களே?

பிள்ளைகளுக்கு வேண்டாம். உள்ளே வெளிமூச்சு தேங்க இடம் அதிகம், தண்ணீர் புகுந்தால் பிள்ளையால் தானே சட்டென்று கழற்ற முடியாது.

கேள்வி: ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம். 6 வயது மகளுக்குப் பேருந்திலேயே குமட்டும். தவிர்த்துவிடலாமா?

தவிர்க்க வேண்டியதில்லை, நாளின் முதல் படகைப் பிடியுங்கள். 2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் குமட்டல் அதிகம், 2 வயதுக்குக் கீழே அபூர்வம். உட்காரும் இடம் படகின் நடுவில் அல்லது சற்றுப் பின்னால், கீழ்த்தளத்தில், வெளியே அடிவானம் தெரியும்படி இருக்கட்டும். முனைப்பகுதிதான் அதிகமாகத் தூக்கிப் போடும். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி முன்னால் எளிதாகச் செரிக்கும் எதையாவது கொஞ்சம் கொடுங்கள். கையில் போனும் புத்தகமும் இருக்கக் கூடாது. கண் அசையாத பக்கத்தைப் பார்க்க, காது அசைவை உணர, இரண்டுக்கும் நடுவே உண்டாகும் முரண்தான் குமட்டல்.

மாத்திரை கொடுப்பதானால் குழந்தை மருத்துவரிடம் மருந்தையும் அளவையும் கேட்டு, பயணத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்பே கொடுக்க வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை. பயணத்துக்கு முன்பே வீட்டில் ஒருநாள் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும், சில பிள்ளைகள் அதற்கு நேர்மாறாக உட்காராமல் துள்ளுவார்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். உள்பக்கம் அச்சிட்டிருக்கும் எடை வரம்பு மகளின் எடைக்குப் பொருந்த வேண்டும். எல்லா வார்களையும் மாட்டியபின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது, வேறு கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கு நடுவே போகும் வாரும், தலையைத் தாங்கும் காலரும் இருக்க வேண்டும். ஊதிக் கையில் மாட்டும் வளையங்கள் விளையாட்டுப் பொருள், பாதுகாப்புச் சாதனம் அல்ல.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தீவில் என்ன இருக்கிறது? நாங்கள் இருவரும் மாறி மாறி அறையில்தான் உட்கார வேண்டுமா?

கண்ணாடி அடித்தளப் படகு உங்களுக்காகவே இருக்கிறது. நனையாமல், மாஸ்க் இல்லாமல் முழுக் குடும்பமும் சேர்ந்து மீன் பார்க்கலாம். வெளிச்சம் நேராக உள்ளே இறங்க வேண்டும் என்பதால் இதற்கு மட்டும் சூரியன் உயர்ந்து நிற்கும் 10, 11 மணி சரி. கூரை உள்ள படகாகப் பாருங்கள். மீன் காட்சியகம், வண்ணத்துப்பூச்சித் தோட்டம், தாவரவியல் தோட்டம் மூன்றும் இந்த வயதுக்குச் சரியானவை. மணலில் தள்ளுவண்டி உருளாது, முதுகில் சுமக்கும் தூளி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்கு 9 மணிக்கு முன்பும் 4 மணிக்குப் பின்பும் போகலாம். குழந்தை வெறுங்காலோடு இறங்குமுன் உங்கள் புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், உச்சிவெயிலில் மணல் சுட்டுப் பொக்குளம் போடும். குடைக்குள் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம், உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தென்னைக்கு அடியில் விரிப்பைப் போடாதீர்கள். மூத்த பிள்ளைகள் தோண்டும் குழி அவர்கள் முழங்காலைவிட ஆழமாகக் கூடாது, ஓரம் சரிந்து மூடினால் மணலின் எடையைப் பிள்ளையால் தள்ள முடியாது.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்ததாக வாங்குங்கள், சின்னத் தோலுக்கு அது எரிச்சல் தராது. வெளியே போக 15 நிமிடம் முன்பு தடவி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து வந்தவுடனும் மறுபடி தடவ வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 மில்லி வரை ஆகும். ஒரு வாரத்துக்கு ஒரே குழாயோடு போகிறவர்கள் மெலிதாகத் தடவித்தான் தீய்ந்துபோகிறார்கள். காது மடல், பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்பக்கம் மூன்றையும் மறப்பது வழக்கம். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான். வாங்குமுன் போகும் இடத்தின் சட்டத்தையும் பாருங்கள். பவளத்தைக் கெடுக்கின்றன என்று ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021-லிருந்து தடைசெய்துவிட்டது. பலாவு 2020-லேயே தடை கொண்டுவந்தது.

கொசு மருந்தும் தடவுவதானால் சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் மேலே கொசு மருந்து. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். மாலைக் கடற்கரைக்கு முழுக்கை போட்டே அழைத்துப் போங்கள்.

கேள்வி: அலை சிறியதாக, தண்ணீர் அமைதியாக இருக்கும் இடமாகப் பார்த்து இறக்கிவிட்டால் போதுமா?

இந்த எண்ணம்தான் ஆபத்து. இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அலையே உடையாமல் கருத்து, அமைதியாகத் தெரிகிறதே, பல நேரம் அதுதான் ரிப் கரண்ட். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. இறங்குமுன் பத்து நிமிடம் சற்று மேட்டில் நின்று பாருங்கள். நுரையும் பாசியும் கடல் பக்கமாகப் போகும் பாதை கண்ணுக்குத் தெரியும். லைஃப்கார்டு இருக்கும் கடற்கரையில், அவர்கள் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும், நீந்த முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தைவிட்டு விலக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குக் கரையில் வைத்தே சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: ஜெல்லி மீன், முள் குத்து, பவள வெட்டு. கையோடு என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு பாட்டில் வினிகர், முள்ளெடுக்கும் இடுக்கி, கிருமிநாசினி, கட்டுத்துணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சுடுதண்ணீருக்கு ஒரு தெர்மாஸ். முழுக் குடும்பத்துக்கும் கனத்த அடிப்பாகமுள்ள நீர்ச்செருப்பு.

ஜெல்லி மீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. தோலில் ஒட்டியிருக்கும், இன்னும் வெடிக்காத கொட்டும் செல்கள் அதில்தான் வெடிக்கும். வெப்பக் கடல்களின் பெட்டி ஜெல்லி மீனுக்கு வினிகரை 30 விநாடியாவது தாராளமாக ஊற்றி, பிறகு இழைகளை எடுக்க வேண்டும். உடனே அவசர உதவியையும் கூப்பிடுங்கள், மூச்சு நிற்குமளவு விஷம் ஏறக்கூடியது அது. நீலப் பலூன்போல மேலே மிதந்து வரும் வகைக்கு வினிகர் வேண்டாம். இழையை எடுத்து, கடல்நீரால் அலசி, பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 20 நிமிடம் வைக்க வேண்டும். திருக்கை முள், கல்மீன் முள் குத்தினாலும் இதே சூடு, 30 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் வரை, பிறகு மருத்துவர். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். வலியில் இருக்கும் பிள்ளைக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், அதனால் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிவிடும்.

பவள வெட்டு சின்னதாகத் தெரியும். உள்ளே துகள் தங்கினால் சீழ் பிடிக்கும். சுத்தமான தண்ணீரை ஓடவிட்டு நன்றாகக் கழுவுங்கள், அது ஆறும்வரை பிள்ளையைக் கடலில் இறக்காதீர்கள்.

கேள்வி: கடலாமை பார்க்க, டால்பினோடு படம் எடுக்க என்று நிறைய விளம்பரங்கள். எது நல்லது?

பிள்ளை விலங்கைத் தூக்கவோ, தடவவோ, அதன்மேல் ஏறவோ விடும் இடத்தைக் கழித்துவிடுங்கள். விலங்குக்கு விருப்பப்பட்டால் விலகிப் போக வழி இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சல்லடை போதும். 'கண்டிப்பாகக் காட்டுவோம்' என்று உறுதி தருகிறவர்கள் ஒன்று விலங்கை அடைத்து வைத்திருப்பார்கள், அல்லது துரத்துவார்கள்.

ஆமை முட்டையிடும் கரைக்கு இரவு நடை இருக்கும் பருவமாக இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். 7, 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது, ஏனென்றால் இருட்டில் பேசாமல் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். அனுமதி பெற்ற வழிகாட்டியோடு, அடர்நிற உடையில், சிவப்பு விளக்கு மட்டும் எடுத்துப் போக வேண்டும், கேமரா ஃபிளாஷ் கூடாது. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி நகரும், உங்கள் டார்ச் அவற்றைக் கரைப்பக்கம் இழுத்துவிடும். குஞ்சைத் தூக்கிக் கடலில் விடவும் ஆசைப்பட வேண்டாம். கூட்டின் மணல் ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகம் பிறக்கும் என்று சொல்லிவையுங்கள், பிள்ளைகள் அப்புறம் மணலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். நீந்தும்போது ஆமையைக் கண்டால் 3 மீட்டர் தள்ளியே இருங்கள், ஆமைக்கு நேர் மேலேயும் நீந்தாதீர்கள். அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும்.

கேள்வி: மழை வந்துவிட்டால் அருவிக்காவது போகலாமா?

மழைக்கு அருவி மாற்று ஏற்பாடு ஆகாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் பெய்த மழை நிமிடங்களில் வெள்ளமாக இறங்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பையைக்கூடத் தேடாமல் மேடான இடத்துக்கு ஏறுங்கள். நல்ல நாளிலும் அருவிக்கு நேர் கீழே நிற்கக் கூடாது, மேலிருந்து கல் வரும். பெருமழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் புண் உள்ள பிள்ளையை இறக்காதீர்கள். கரீபியன் தீவுகளில் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கும்போதும் கவனம் வேண்டும். சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மான்சினீல் மரத்திலிருந்து சொட்டும் மழைநீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும், பழமும் விஷம்.

மழை நாளுக்கு மீன் காட்சியகம், பழைய கோட்டை, அருங்காட்சியகம், சமையல் வகுப்பு என்று ஏதேனும் ஒன்றை முன்பே தெரிந்து வையுங்கள். ஆனால் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: 12 வயது மகன் ஸ்கூபா (காற்று உருளையைச் சுமந்து கடலுக்குள் மூழ்குவது) வேண்டும் என்கிறான், 8 வயதுத் தங்கையும் கூடவே வருவேன் என்கிறாள். மகளுக்குக் கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைன் ஆசையும் உண்டு.

ஜிப்லைனிலும் பெரிய நீர்ச்சறுக்கிலும் வயதைவிட எடையும் உயரமும்தான் கணக்கு. பிள்ளைகளின் இரண்டு அளவையும் எடுத்து வைத்துக்கொண்டு பதிவு செய்யுமுன் கேளுங்கள். வாசலில் அளந்து திருப்பி அனுப்பினால் அழுகை தாங்காது.

ஸ்கூபாவுக்கு, பாடி (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் விதிப்படி 8 வயதில் குளத்திலோ அதுபோன்ற அடங்கிய நீரிலோ 2 மீட்டர் ஆழத்துக்குள் அறிமுகப் பயிற்சி எடுக்கலாம். 10 வயதிலிருந்து கடலில் ஜூனியர் சான்றிதழுக்குப் படிக்கலாம். ஆக அண்ணன் கடலிலும் தங்கை குளத்திலும் ஒரே காலையில் இறங்க முடியும். ஆஸ்துமா, காது வலி, சளி எது இருந்தாலும் மருத்துவர் ஒப்புதல் தேவை. மூக்கடைப்போடு இறங்கினால் காதுச் சவ்வு கிழியலாம். ஒரு பயிற்றுநரோடு எத்தனை பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று கேளுங்கள், இரண்டுக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.

தேதி வைக்கும்போது விமானத்தை நினைவில் கொள்ளுங்கள். ஒருமுறை மூழ்கினால் 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அல்லது பல நாட்கள் மூழ்கினால் 18 மணி நேரமும் கழிந்த பிறகே பறக்க வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். அதனால் ஸ்கூபாவை வாரத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது காலையில் வையுங்கள். உயரமான மலைச்சாலைப் பயணத்தையும் அதே நாளில் சேர்க்காதீர்கள்.